சுல்தானாவின் கை அளவு

786
காரிமங்கலம்,
21.10.85

அன்புள்ள மச்சானுக்கு ஷகிலா ஸலாம் சொல்லி எழுதறது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால நானும் புள்ளையும் சுகம். நீங்க வேளைக்குச் சோறு திங்கறீங்களா, இல்ல டீயும் பன்னுமாத்தான் ஓடுதா?

பொண்ணு பொறந்தது தந்தியில தெரிஞ்சிருக்கும். தந்தியில நாலு வார்த்தைதான் போட முடிஞ்சுது, மிச்சத்தை நான் சொல்றேன் கேளுங்க. வெள்ளிக்கிழமை காலையில பொறந்தா. மூக்கு உங்களுது. காது, பாவம், அதுவும் உங்களுதேதான். குரல் மட்டும் யாருதுன்னு தெரியல. சந்தையில விட்டா தக்காளி ஏலம் போட்டுட்டு வந்துடுவா.

புள்ள காதுல பாங்கு சொல்ல வேண்டியது நீங்க. எங்க அத்தாதான் சொன்னாரு. சொல்லி முடிச்சிட்டு வாசப்பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாரு. எதுக்குப் பார்த்தீங்கன்னு நான் கேக்கலை.

ரம்ஜான் பெருநாள் அன்னைக்கு நீங்க சொன்ன சொல்லு அப்படியேதான் நிக்குதா? "மாமா வாயைத் தொறந்து, என் துணியை நீ தைச்சுக் குடு மாப்ளன்னு சொல்ற வரைக்கும் அந்த வூட்டு வாசப்படியை மிதிக்க மாட்டேன்"னு சொன்னீங்களே, அதுதான். மருமகன் டெய்லரா இருக்கறப்ப, பெருநாள் ஜிப்பாவை எங்க அத்தா தருமபுரி நூர் பாஷாகிட்டக் குடுத்துத் தைச்சுக்கிட்டது தப்புதான், இல்லைன்னு நான் சொல்லலை. அதுக்கு இந்தப் புள்ள என்னங்க பண்ணுச்சு? மாரண்டஹள்ளியில ஏறி, பாலக்கோட்டுல வண்டி மாறினா ரெண்டு மணி நேரத்துல இங்க இருக்கலாம். இந்தக் கடுதாசி வந்து சேர மூணு நாளாவுது.

சரி, விடுங்க. ஒரு சங்கடம். அவளுக்கு நகம் ப்ளேடு கணக்கா இருக்குது. அழுதா ரெண்டு கையையும் மூஞ்சிக்குக் கொண்டு போயிடறா. அழுகை நிக்கறதுக்குள்ள கன்னத்துல மூணு கோடு. நேத்து கண்ணுக்குப் பக்கத்துல ஒண்ணு இழுத்துக்கிட்டா, நல்லவேளை கண்ணுல படலை. நகத்தை வெட்டலாம்னா, நாப்பது கழியாம புள்ள மேல இரும்பு படக்கூடாதுன்னு அம்மா ஒத்தக்கால்ல நிக்கறாங்க. ஊருக்கெல்லாம் தைக்கிற டெய்லரு, பெத்த பொண்ணு கைக்கு ரெண்டு உறை தைச்சு அனுப்பக் கூடாதா?

புள்ள முழிச்சுக்கிட்டா, நிறுத்தறேன்.
உங்க ஷகிலா


786
மாரண்டஹள்ளி,
25.10.85

அன்புள்ள ஷகிலாவுக்கு கவுஸ் எழுதறது. வ அலைக்கும் ஸலாம். உன் சுகமும் புள்ள சுகமும் கண்டு மனசு நெறைஞ்சுது. மாமி சுகமா? பக்கத்து வூட்டுக்காரங்க சுகமா? உங்க வெள்ளாடு குட்டி போட்டுச்சாமே, அதுவும் சுகமா?

தந்தி வந்தப்ப ஒருத்தருக்கு பேண்ட் அளவு எடுத்துக்கிட்டிருந்தேன். கையும் ஓடலை, காலும் ஓடலை. அவரு இடுப்பைச் சுத்தின டேப்பை அங்கேயே விட்டுட்டு பூந்தி வாங்க ஓடிட்டேன். அந்த மனுஷன் டேப்போடவே நின்னுக்கிட்டிருந்திருக்காரு. பஸ் ஸ்டாண்டு பூராவும் பூந்தி குடுத்தேன். எனக்கு மிச்சம் இல்லை.

பேரு சுல்தானா. மாத்தக் கூடாது.

என் சொல்லைப் பத்திக் கேட்டிருந்தே. சொல்லு சொல்லுதான். பன்னெண்டு வருஷமா இந்த மிஷின்ல உக்காந்திருக்கேன். கலியாண மாப்பிள்ளைங்க ஓசூர்ல இருந்து தேடி வந்து தைச்சுக்கிட்டுப் போறாங்க. என் சொந்த மாமனார் பெருநாள் தொழுகைக்கு நூர் பாஷா தைச்ச ஜிப்பாவோட எனக்கு முன் வரிசை சஃப்புல நிக்கறாரு. அந்தத் தோள் தையலைப் பார்த்துக்கிட்டே நான் தொழுதேன். தொழுகை கூடுச்சோ இல்லையோ, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

நாலு ஜோடி கையுறை அனுப்பறேன். பாப்ளின் துணி, மணிக்கட்டுல எலாஸ்டிக் போட்டிருக்கேன், கழண்டு விழாது. உங்க ஊர் சந்தைக்குத் தக்காளி ஏத்திக்கிட்டு வர்ற லாரி டிரைவர் மாதப்பன் கொண்டாந்து குடுப்பான். அளவு தெரியாது, மனசுல ஒரு கையை நெனைச்சுக்கிட்டு வெட்டினேன்.

புள்ளையைப் பத்திரமாப் பார்த்துக்கோ.
கவுஸ்


786
காரிமங்கலம்,
31.10.85

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இங்க எல்லாரும் சுகம். வெள்ளாடும் சுகம். வூட்டுல இன்னொருத்தர் இருக்காரு. அவரை நீங்க விசாரிக்கலை, இருந்தாலும் சொல்றேன், அவரும் சுகம்.

ஏழாம் நாள் முடி எறக்கியாச்சு. உங்க கடுதாசி வந்ததும் சுல்தானான்னு பேரும் வெச்சாச்சு. "பேரு அவன் சொன்னதா?"ன்னு அத்தா ஒரு தடவை கேட்டாரு. ஆமான்னேன்.

கையுறை வந்து சேர்ந்துது. மனசுல யாரோட கையை நெனைச்சு வெட்டினீங்க, மாதப்பன் கையையா? ஒரு உறையில ரெண்டு கையையும் போட்டு இன்னும் ஒரு எலுமிச்சம்பழம் வைக்கலாம். மொட்டைத் தலையில குல்லாவாக் கவுத்துப் பார்த்தோம், பொருந்தலைன்னு சொல்ல முடியாது. சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வயித்துல வலி எடுத்துக்கிச்சு.

ஆனா அந்த எலாஸ்டிக் விளையாட்டு இல்லீங்க. உறை கழண்டு வரக்கூடாதுன்னு ரெண்டு சுத்து சுத்தி விட்டேன். கொஞ்ச நேரத்துல எடுத்துப் பார்த்தா மணிக்கட்டு வளையல் போட்ட மாதிரி செவந்து, உள்ளங்கை வீங்கிப் போயிருக்குது. என்னையே அடிச்சுக்கலாம்னு வந்துது. எலாஸ்டிக்கே வேணாம்.

அவ தூங்கறப்ப விரலைப் பிரிச்சு வெச்சு, இந்த இன்லண்டுக் கடுதாசி மேலேயே பென்சில்ல கோடு இழுத்திருக்கேன். கீழ இருக்குது பாருங்க. இதுதான் அவ கை. சுண்டு விரல்கிட்டக் கோடு வளைஞ்சிருக்கறது நான் தப்பாப் போட்டதில்லை, அவ இழுத்துக்கிட்டா.

கன்னத்துல இன்னைக்குக் கணக்கு நாலு கோடு.
உங்க ஷகிலா


786
மாரண்டஹள்ளி,
6.11.85

அன்புள்ள ஷகிலாவுக்கு, வ அலைக்கும் ஸலாம். இங்க எனக்கு ஒரு கொறையும் இல்லை. மாமியும் ஆடும் குட்டியும் நல்லா இருக்கட்டும்.

கடுதாசியைப் பிரிச்சு அந்தக் கையைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் மிஷினை மிதிக்கலை. இவ்வளவுதானா ஷகிலா? என் கட்டை விரலை வெச்சுப் பார்த்தேன், அவ உள்ளங்கை முடிஞ்சு போச்சு. நான் வெட்டி அனுப்பின உறையை நெனைச்சா எனக்கே வெக்கமா இருக்குது.

எலாஸ்டிக் போட்டது என் புத்தியில்லாத்தனம். பேண்ட்டு ஜட்டின்னு பெரிய ஆளுங்களுக்கே போட்டுப் பழகின கை. அந்த நாலு ஜோடியையும் அடுப்புல போடு.

இப்ப அனுப்பறது வேற. கடையில இருக்கற புதுத் துணி எதுவும் சரிப்படலை. என் பழைய மல் வேட்டியை நாலு தண்ணி அலசிக் காயப்போட்டு, அதுல வெட்டினேன். எலாஸ்டிக் கிடையாது. ரிப்பன் நாடா, ஒரு சுருக்குத்தான். நீ கட்டினதும் உன் சுண்டு விரல் உள்ள போகணும், அந்த அளவு தொளதொளன்னு விடு. இன்னொண்ணு, தையலை வெளிப்பக்கம் வெச்சிருக்கேன். பார்த்துட்டு, இவன் உறையை உள்பக்கம் வெளிய வர்ற மாதிரித் தைச்சுட்டான்னு உங்க வூட்டுல யாராவது சிரிக்கலாம். உள்பக்கம் நூல் பிசிறு இருந்தா அவ விரல்ல சுத்திக்கும். நமக்கு நூலு, அவளுக்கு அது கயிறு. அதனாலதான்.

அந்தப் பென்சில் கையை வெட்டி எடுத்து, கடையில மேஜைக் கண்ணாடிக்கு அடியில வெச்சிருக்கேன். துணி குடுக்க வர்றவங்க எல்லாம் இது என்ன டிசைனுன்னு கேக்கறாங்க.
கவுஸ்


786
காரிமங்கலம்,
12.11.85

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். எல்லாரும் சுகம், அந்த இன்னொருத்தரும் சுகம். உங்களுக்கு சளி பிடிச்சிருக்குதாமே, மாதப்பன் சொன்னாரு. கஷாயம் வெச்சுக் குடிங்க.

உறை சுண்டக்காய்க்குத் தைச்ச மாதிரி கச்சிதமா இருக்குது. தையல் வெளியில இருக்கறதைப் பார்த்து யாரும் சிரிக்கலைங்க. அத்தா கையில வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. "நூல் சுத்திக்கும்னு யோசிச்சிருக்கான்"னு சொன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு, அதை அப்படியே எழுதியிருக்கேன்.

ஆனா மச்சான், புதுக் கூத்து ஒண்ணு ஆரம்பிச்சிருக்குது. மூஞ்சியில கோடு நின்னுபோச்சு, அழுகை நிக்கலை. மூணு நாளா சாயங்காலமானா ஒரே கத்தல். பால் குடுத்தா தள்ளறா. தோள்ல போட்டா கத்தறா. தூளியில போட்டா இன்னும் கத்தறா. தொண்டை கட்டிப் போச்சு அவளுக்கு. நான் பக்கத்துல உக்காந்து அவளோட சேர்ந்து அழுதேன், பொய்யில்லை.

நேத்து எங்க தெருவுக்கு வர்ற நர்ஸம்மா தெரசா வந்தாங்க. புள்ளையைப் பார்த்ததும் முதல் வேலையா ரெண்டு உறையையும் உருவினாங்க. அடுத்த நிமிஷம் அவ இடது கை ரெண்டு விரலைத் தானே தேடி வாயில வெச்சுக்கிட்டு, ச்சுப் ச்சுப்புன்னு சப்பி, அப்படியே கண்ணை மூடிட்டா. நான் வாயைப் பொளந்துக்கிட்டு நின்னேன். "ஏம்மா, அவளை அவளே சமாதானம் பண்ணிக்கறதுக்கு ஆண்டவரு குடுத்தது அந்த ரெண்டு விரலுதான். அதைப் போயி மூட்டை கட்டி வெச்சா, பாவம், வேற எதைப் பிடிச்சுக்குவா?"ன்னு கேட்டாங்க. நகத்தை வெட்டிடுங்கன்னும் சொன்னாங்க. அம்மா நாப்பதுன்னு ஆரம்பிச்சாங்க. ரெண்டு பேருக்கும் அரை மணி நேரம் வாக்குவாதம், கடைசியில டீ குடிச்சுட்டுப் போனாங்க.

கையை விட்டா அழுகை இல்லை, மூஞ்சியில கோடு. கையை மூடினா கோடு இல்லை, அழுகை. மூடணும், ஆனா மூடக்கூடாது. இப்படி ஒரு உறை உலகத்துல உண்டான்னு எனக்குத் தெரியாது. டெய்லருக்குத் தெரிஞ்சா சரி.
உங்க ஷகிலா


786
மாரண்டஹள்ளி,
18.11.85

அன்புள்ள ஷகிலாவுக்கு, வ அலைக்கும் ஸலாம். சளி போச்சு. மாதப்பன் வாயில எதுவும் நிக்காது போல. மாமியை விசாரிச்சேன்னு சொல்லு.

ரெண்டு விரலா சப்பறா? இடது கையா? ஷகிலா, நானும் இடது கை ரெண்டு விரல்தானாம். என் அக்கா ஹசீனா சொன்னுது. ஆறு வயசு வரைக்கும் விடலையாம், விரல்ல வேப்பெண்ணெய் தடவியும் நான் அசரலையாம். இதைக் கேட்டுட்டு அன்னைக்கு பூராவும் சும்மா சும்மா சிரிச்சுக்கிட்டே இருந்தேன். ஒருத்தர் சட்டைக்கு ரெண்டும் இடது கையாவே வெச்சுத் தைச்சுட்டேன், பிரிச்சு மாத்தினேன்.

மூடணும், மூடக்கூடாது. ரெண்டு நாள் அதே யோசனை. மூடி மாதிரி வெச்சா? பட்டன் வெச்சா? பட்டனை வாயில போட்டுக்குவாளே! ஒண்ணும் ஓடாம உன் கடுதாசியை எடுத்துப் பிரிக்கறதும் மடிக்கறதுமா உக்காந்திருந்தேன். அப்பத்தான் பொறி தட்டுச்சு. இந்த இன்லண்டு இருக்குதே, மூணாவது மடிப்பை உள்ள விட்டா எழுத்து மூடிக்குது, வெளிய எடுத்தா தொறந்துக்குது. ஒட்டவும் வேணாம், கட்டவும் வேணாம்.

அதே மாதிரி சட்டை தைச்சிருக்கேன். முழுக்கை. கை நுனியில துணி ஒரு மடிப்பு அதிகமா விட்டிருக்குது. முழிச்சிருக்கறப்ப மடிப்பைப் பின்னால தள்ளிடு, விரலெல்லாம் வெளிய இருக்கும், அவ பாட்டுக்குச் சப்பட்டும். தூக்கம் பிடிச்சதும் விரல் தானா வாயில இருந்து நழுவும். அப்ப மடிப்பை முன்னால கவுத்து விடு, நகம் மூடிக்கும். முழிச்சு அழுதா முதல்ல மடிப்பைத் தள்ளு, அப்புறம் தூக்கு. அவசரப்பட்டுத் தூக்காதே. அவ விரலை அவளே தேடிக்கட்டும்.

ஆறு சட்டை இருக்குது. நர்ஸம்மாகிட்டக் காட்டு. வேற யாருகிட்டயும் காட்டணும்னு இல்லை. காட்டினாலும் சரிதான்.
கவுஸ்


786
காரிமங்கலம்,
30.11.85

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். பதில் எழுத நாளாயிடுச்சு, கோவிச்சுக்காதீங்க. இங்க எல்லாரும் சுகம்.

இன்லண்டுச் சட்டை வந்த அன்னைக்கே போட்டு விட்டேன். என்ன சொல்றது போங்க! சாயங்காலம் அவ சிணுங்க ஆரம்பிச்சா. மடிப்பைத் தள்ளிட்டு, நீங்க சொன்ன மாதிரி கையைக் கட்டிக்கிட்டு நின்னேன். முதல்ல காதுல கை போச்சு. அப்புறம் மூக்கு. அப்புறம் வாய். ச்சுப். அவ்வளவுதான், வூடே அமைதியாயிடுச்சு. தெரசாம்மா சட்டையை வாங்கி முன்னாலயும் பின்னாலயும் பார்த்துட்டு, "யாரு மூளை இது?"ன்னு கேட்டாங்க. நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள அத்தா "எங்க மாப்ளை"ன்னுட்டாரு.

நாப்பது குளியல் நல்லபடியா முடிஞ்சுது. தெருவுக்கே சோறு போட்டோம்.

ஆனா சட்டை இப்ப மணிக்கட்டுல இறுக்கமா இருக்குது. மடிப்பு சரியாக் கவுற மாட்டேங்குது. நூல் வெச்சு அளந்தேன், மணிக்கட்டுச் சுத்தளவு நாலேகால் அங்குலம். பெரிசா தைச்சு அனுப்புங்க. இல்லைன்னா பழையபடி மூஞ்சியைப் பிறாண்டிக்குவா.
உங்க ஷகிலா


786
மாரண்டஹள்ளி,
4.12.85

அன்புள்ள ஷகிலாவுக்கு, வ அலைக்கும் ஸலாம். நான் சுகம். மாமி சுகமா?

நாலேகால் வெச்சு நாலு சட்டை தைச்சு மாதப்பன்கிட்டக் குடுத்திருக்கேன். புது வருஷத்துக்கும் பொங்கலுக்கும் துணி வந்து குமியுது, அதிகமா எழுத நேரமில்லை.

"எங்க மாப்ளை"ன்னு சொன்னப்ப மாமா சிரிச்ச மூஞ்சியா இருந்தாரா, சாதாரணமாத்தான் இருந்தாரா?
கவுஸ்


786
காரிமங்கலம்,
13.12.85

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நானும் புள்ளையும் சுகம். அவ இப்ப ஆளைப் பார்த்துச் சிரிக்கறா. மாதப்பனைப் பார்த்துச் சிரிச்சா. பால்காரரைப் பார்த்துச் சிரிச்சா. ஆட்டுக்குட்டியைப் பார்த்துக்கூடச் சிரிச்சாச்சு. பட்டியல்ல யாரு இல்லைன்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

அத்தா சாதாரணமாத்தான் இருந்தாரு. ஆனா சொல்லிட்டு வெளிய போயி, காரணமே இல்லாம ஆட்டுக்குத் தழை ஒடிச்சுப் போட்டாரு.

சட்டை சரியில்லைங்க. இந்தத் தடவை தொளதொளன்னு நழுவுது. மறுபடியும் அளந்தேன், மூணரை அங்குலம்தான் இருக்குது. இப்படித் தூரத்துல இருந்து தைச்சா பெருசும் சிறுசுமாத்தான் வரும். நேர்ல வந்து கையைப் பிடிச்சு அளவெடுத்தாத்தான் இது முடியும். மூஞ்சி பூராவும் கோடா இருக்குது, பார்க்கவே பாவமா இருக்குது.
உங்க ஷகிலா


786
மாரண்டஹள்ளி,
20.12.85

அன்புள்ள ஷகிலாவுக்கு, வ அலைக்கும் ஸலாம். நீங்க எல்லாரும் சுகம்னு நெனைக்கறேன்.

பன்னெண்டு வருஷமா டேப்பு பிடிக்கிறவன் நான். முப்பதாம் தேதி நாலேகால் இருந்த மணிக்கட்டு பதிமூணாம் தேதி மூணரை ஆவுமா? புள்ளை வளருதா, வத்துதா? மாதப்பனைக் கூப்பிட்டு, பாப்பா மூஞ்சி எப்படி இருக்குதுன்னு கேட்டேன். "வெண்ணெய் மாதிரி இருக்குது டெய்லரே, ஒரு கீறல் கெடையாது"ன்னான். அப்பத்தான் எனக்கு இன்னொண்ணும் உறைச்சுது. நாப்பது எப்பவோ கழிஞ்சுது. நகத்தை வெட்டியிருப்பீங்களே! உன் கடுதாசியில நகத்தைப் பத்தி ஒரு எழுத்து இல்லை.

நான் கோவமா எழுதலை. போன தடவை நாலேகால்னு எழுதினப்பவே எனக்கு சந்தேகம்தான், ஒன்றரை மாசப் புள்ளைக்கு அது அதிகம். தெரிஞ்சேதான் தைச்சேன். சட்டை சரியாப் பொருந்திப் போச்சுன்னா அடுத்த கடுதாசியில நீ எதைப் பத்தி எழுதுவேன்னு எனக்குத் தெரியல.

ஆனா ஊரறியச் சொன்ன சொல்லை நான் எப்படி விழுங்கறது, நீயே சொல்லு. பொங்கல் கழிஞ்சு உங்களைக் கூட்டிக்கிட்டு வர அக்கா ஹசீனாவை அனுப்பறேன். அதோட வந்துடு.
கவுஸ்


786
காரிமங்கலம்,
27.12.85

மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உடம்பு சுகம்தான். மனசைப் பத்தி எழுதறேன்.

ஆமா, பொய் சொன்னேன். நாப்பது குளியல் அன்னைக்கே தெரசாம்மா சின்னக் கத்திரியால பத்து நகத்தையும் வெட்டி விட்டாங்க. நீங்க முதல்ல அனுப்பின ஆறு சட்டையும் இன்னும் சரியாத்தான் இருக்குது. புள்ள மூஞ்சியில கோடு இருக்கற வரைக்கும் என்னைக்காவது ஒரு நாள் பதறி அடிச்சுக்கிட்டு வந்துடுவீங்கன்னு நெனைச்சேன். அதனால கடுதாசியில மட்டும் கோடு போட்டுக்கிட்டே வந்தேன். அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும், வேற வழி எனக்குத் தெரியல.

நேத்து அம்மா ஒரு விஷயம் சொன்னாங்க. ரம்ஜான் மாசத்துல அத்தா புளி யாவாரமா மாரண்டஹள்ளி வந்தாராம். உங்க கடையை எட்டிப் பார்த்தாராம். நோன்போட, கண்ணு ரெண்டும் வீங்கி, துணிக் குவியலுக்கு நடுவுல மிஷின் மேலேயே தலையைச் சாய்ச்சுத் தூங்கிக்கிட்டிருந்தீங்களாம். கையில இருந்த துணியை அவர் குடுக்கலை. எழுப்பவும் மனசு வரலை. "என் துணியையும் குடுத்தா அந்தப் பையன் வேண்டாம்னு சொல்ல மாட்டான், அவன் தூங்கறதுதான் போயிடும்"னு சொல்லி, தருமபுரிக்குப் போயிட்டாராம். அந்த நூர் பாஷா ஜிப்பா பெருநாள் தொழுகையிலேயே, சஜ்தாவுக்குக் குனிஞ்சப்ப அக்குள்ல டர்ருன்னு கிழிஞ்சுதாம். கையை ஒட்டி வெச்சுக்கிட்டே எல்லாருக்கும் கை குடுத்து முஸாபஹா செஞ்சாராம். உங்களுக்கும் குடுத்தாரு, நீங்க முகத்தைத் திருப்பிக்கிட்டீங்க.

இன்னும் இருக்குது. பக்ரீத்துக்கு அவர் வாங்கின துணி அப்படியே டிரங்குப் பெட்டியில மடிச்சுக் கெடக்குது. யாருகிட்டயும் குடுக்கலை. பழைய சட்டையிலேயே தொழுகைக்குப் போயிருக்காரு. நேத்து நானே பெட்டியைத் தொறந்து பார்த்தேன்.

அத்தா வாயில இருந்து அந்த வார்த்தை வராது, எனக்கு அவரைத் தெரியும். நீங்களும் வர மாட்டீங்க, உங்களையும் தெரியும். சுல்தானாவுக்கு அழுகை வந்தா தன் விரலைத் தானே தேடிக்கறா, ரெண்டு மாசப் புள்ள. நீங்க ரெண்டு பேரும் பெரிய மனுஷங்க.

ஹசீனா அண்ணி வந்தா பிரியாணி போட்டு அனுப்பி வைப்பேன். நான் வர மாட்டேன். அப்பன் வந்து தூக்காம என் பொண்ணு இந்த வாசப்படியைத் தாண்ட மாட்டா. இப்ப நானும் ஒரு சொல்லு சொல்லிட்டேன்.
ஷகிலா


786
மாரண்டஹள்ளி,
6.1.86

அன்புள்ள ஷகிலாவுக்கு, வ அலைக்கும் ஸலாம். முதல்ல மாமாவுக்கு என் ஸலாமைச் சொல்லு. அப்புறம் மாமிக்கு, அப்புறம் ஆட்டுக்கு. இதே வரிசையில சொல்லணும்.

மூணு நாளைக்கு முன்னால நேர்ல வந்தவன் எதுக்கு எழுதறான்னு கேப்பே. உங்க வூட்டுல தெருவே வந்து சுத்தி நின்னுது. உன்கிட்ட உருப்படியா ஒரு வார்த்தை பேச முடிஞ்சுதா?

நான் வாசல்ல வந்து நின்னப்ப நீ உள்ள இருந்தே, அதைப் பார்க்கலை. சொல்றேன். தெருமுனை வரைக்கும் வேகமாத்தான் வந்தேன், அங்க கால் நின்னுபோச்சு. மாமா வெளிய உக்காந்து புளியில கொட்டை தட்டிக்கிட்டிருந்தாரு. என்னைப் பார்த்தாரு. வான்னும் சொல்லலை, ஏன் வந்தேன்னும் கேக்கலை. எந்திரிச்சு லுங்கியில கையைத் துடைச்சாரு. என் தோள்ல டேப்பு தொங்கிக்கிட்டிருந்துது. கடையைச் சாத்தின அவசரத்துல கழட்ட மறந்துட்டேன், சத்தியமா மறந்துட்டேன். அதைப் பார்த்தாரு. ரெண்டு கையையும் பக்கவாட்டுல தூக்கிக்கிட்டு அப்படியே நின்னாரு. ஒரு வார்த்தை பேசலை ஷகிலா.

அளந்தேன். போறவங்க வர்றவங்க எல்லாம் பார்க்கறாங்க, நான் அளந்துக்கிட்டிருக்கேன். மார்பு நாப்பத்திரண்டு. நூர் பாஷா முப்பத்தெட்டுல வெட்டியிருக்கான், கிழியாம என்ன செய்யும்? கண்ணு கலங்கி, டேப்புல நம்பர் தெரியலை, கையை ரெண்டு தடவை அளக்க வேண்டியதாப் போச்சு. எல்லாம் முடிச்சுட்டுத்தான் வாசப்படியை மிதிச்சேன். அதனால என் சொல்லும் நின்னுது, யாரும் கொறை சொல்ல முடியாது.

அப்புறம் நீ அவளை என் கையில குடுத்தே. இடது கை ரெண்டு விரலும் வாயில. என்னையே பார்த்தா. ஆட்டுக்குட்டிக்குக் கெடைச்ச சிரிப்பு எனக்கும் கெடைக்கும்னு குனிஞ்சு, "சுல்தானா"ன்னு கூப்பிட்டேன். வலது கையால இழுத்தா பாரு ஒரு இழுப்பு! கண்ணுக்குக் கீழ இருந்து தாடி வரைக்கும். ஒரு வாரமா நகம் வெட்ட மறந்துட்டேன்னு நீ பதறினே. மாமி தேங்காயெண்ணெயோட ஓடி வந்தாங்க. நான் வேணாம்னு கையைத் தட்டி விட்டேன், எல்லாரும் ஒரு மாதிரிப் பார்த்தாங்க. அப்பச் சொல்ல வரலை. நாப்பது நாளா அவ அழுதப்பெல்லாம் நான் பக்கத்துல இல்லை. அவ்வளவு கோட்டையும் அவளே தன் மூஞ்சியில வாங்கிக்கிட்டா. அதுல ஒண்ணாவது எனக்கு வேணும்னு இருந்துது. கேக்காமலே குடுத்துட்டா.

கடைக்கு வர்றவங்க எல்லாம், "என்ன டெய்லரே, கன்னத்துல? வூட்டுல சண்டையா?"ன்னு கேக்கறாங்க. "என் பொண்ணு போட்டது"ன்னு சொல்லி, வெளிச்சத்துப் பக்கம் திரும்பிக் காட்டறேன். மாதப்பனுக்கு ரெண்டு தடவை காட்டினேன்.

மாமா ஜிப்பா வெட்டியாச்சு, பதினேழாம் தேதி எடுத்துக்கிட்டு வர்றேன். நீங்க ரெண்டு பேரும் மூட்டையைக் கட்டி வைங்க. ஒரே ஒரு கவலைதான். இந்தக் கோடு இப்பவே மங்கிக்கிட்டு வருது, பதினேழு வரைக்கும் தாங்காது. அதுக்குள்ள அவ நகத்தை வெட்டிடாதே.

உன்
கவுஸ்